சிங்கப்பூர் ராட்டினத்தில் அரைமணி நேரம்

ராட்டினம் சுற்றாத திருவிழா நம் சீமையில் உண்டா? வேளாங்கண்ணியில் கொடியேறினாலும், காரைக்குடியில் கொப்புடையம்மன் தேர் ஓடினாலும், மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி தொடங்கினாலும், பொரிகடலைக் கடைக்கும் வளையல் கடைக்கும் பின்னால் ஒரு ராட்டினம் எழுந்து நின்றுவிடும். இரண்டு இரும்புத் தூண்கள், நடுவே ஓர் அச்சு, அதைச் சுற்றித் தொங்கும் தொட்டிகள், அவ்வளவுதான். ஆயினும் உச்சியில் அது ஒரு கணம் நிற்கும்போது, நாம் அன்றாடம் நடந்து திரியும் ஊரே புதிதாகத் தோன்றும். கோயில் கோபுரமும் கண்மாய்க் கரையும் அரிசி ஆலைப் புகைபோக்கியும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். அந்தக் கணத்திற்காகவே பிள்ளைகள் காசு கேட்டு அழுகிறார்கள். பெரியவர்களும் பிள்ளைகளைச் சாக்கிட்டு ஏறிக்கொள்கிறார்கள்.

இந்த எளிய ராட்டினம்தான் உலகின் பெருநகரங்களில் வளர்ந்து பெருத்து, வானளாவிய காட்சிச் சக்கரமாக நிற்கிறது. அவற்றுள் ஒன்றைச் சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் சிங்கப்பூரில் கண்டு வந்தோம். நம் வட்டாரத்துக் குடும்பங்களுள் அந்நகரோடு ஏதேனும் ஒரு தொடர்பு இல்லாத குடும்பம் குறைவு. ஆகவே அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையதாகும் என்று நினைக்கிறேன்.

கப்பல் போன வழியில்

எங்கள் ஊர் புதுவயல். காரைக்குடியை அடுத்த சிற்றூர். அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. நெல் அவிக்கும் வாடை வீசாத நாள் அங்கே அரிது. அகன்ற தெருக்களில் நகரத்தார் பெருமக்கள் கட்டிய பெரிய வீடுகள் வரிசையாக நிற்கும். பர்மாத் தேக்குத் தூண்களும், வெளிநாட்டுப் பளிங்கும், கடல் கடந்து வந்த கண்ணாடியுமாக எழும்பிய அவ்வீடுகளுக்கு வேண்டிய பொருள் இரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் சைகோனிலும் சிங்கப்பூரிலும் ஈட்டப்பட்டது. அதைக் 'கொண்டு விற்கப் போதல்' என்று அவர்கள் சொல்வார்கள்.

அந்நாளில் சிங்கப்பூர் செல்வோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற வேண்டும். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அது தமிழர்களை ஏற்றிச் சென்றது. பின்னர் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985ஆம் ஆண்டு நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டதோடு அந்தப் பயணிக் கப்பல் போக்குவரத்தும் முடிவுற்றது. இன்று நிலைமை வேறு. புதுவயலிலிருந்து காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி சென்று விமானம் ஏறினால், ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கிவிடலாம். நம் கடிகாரத்தை மட்டும் இரண்டரை மணி நேரம் முன்னே திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே என் அக்காள் மகன் எட்டு ஆண்டுகளாகக் கட்டட வேலை பார்த்து வருகிறான். சாரம் கட்டுவது அவன் தொழில். நாங்கள் புறப்படும்போது அக்காள், அதிரசமும் முறுக்கும் அடங்கிய ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து, "ஊரைப் பார்க்கிறது இருக்கட்டும் தம்பி, அவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிட்டு வா" என்றாள். இதை மறவாமல் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சக்கரத்தின் கதை

இவ்வகைப் பெருஞ்சக்கரங்களுக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் வாஷிங்டன் கேல் ஃபெரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். இரும்புப் பாலங்களில் கைதேர்ந்தவர். 1889இல் பாரிஸ் மாநகரில் ஈஃபில் கோபுரம் எழுந்து உலகை வியப்பில் ஆழ்த்தியது. அதற்கு ஈடாக ஒன்றைக் காட்ட வேண்டும் என்று அமெரிக்கர்கள் விரும்பியபோது, 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் 80 மீட்டர் உயரமுள்ள சக்கரத்தை நிறுத்தினார். அதில் 36 பெட்டிகள். பெட்டி ஒன்றில் 60 பேர். கண்காட்சிக்கு வந்தவர்கள் திரண்டு வந்து ஏறினார்கள். ஆனால் அதைப் படைத்தவரோ தமக்குச் சேர வேண்டிய பணத்துக்காக வழக்காட வேண்டியதாயிற்று. 1896இல், தம் 37ஆம் வயதிலேயே காலமானார். அவர் கட்டிய சக்கரமும் 1906இல் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயிற்று. ஆங்கிலத்தில் மட்டும் ராட்டினத்துக்கு அவர் பெயரே இன்றளவும் வழங்கி வருகிறது.

அடுத்து 1897இல் வியன்னாவில் ஒரு சக்கரம் எழுந்தது. இரண்டாம் உலகப்போரில் தீக்கிரையாகி, மீண்டும் செப்பனிடப்பட்டு, இன்றும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. நெடுங்காலத்திற்குப் பிறகு, 2000ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையில் 135 மீட்டர் உயரத்தில் 'லண்டன் ஐ' சுழலத் தொடங்கியது. அதன் வெற்றியைக் கண்ட பிற நகரங்களும் போட்டியில் இறங்கின. 2008இல் சிங்கப்பூர் தன் சக்கரத்தைத் திறந்தது. அதன் உயரம் 165 மீட்டர். 2014இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் அதைவிட இரண்டு மீட்டர் சொச்சம் கூடுதலான ஒன்று எழும்வரை, உலகிலேயே உயர்ந்த சக்கரம் என்ற பெயர் சிங்கப்பூருக்கே இருந்தது. 2021இல் துபாய் திறந்த சக்கரமோ 250 மீட்டர்!

165 மீட்டர் என்றால் எவ்வளவு என்று தோன்றும். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். அதன்மேல் இன்னொரு மலைக்கோட்டையைத் தூக்கி வைத்தால் ஏறக்குறைய இந்த உயரம் வரும்.

அது இயங்கும் விதம்

'சிங்கப்பூர் ஃபிளையர்' என்பது இச்சக்கரத்தின் பெயர். மரினா விரிகுடாக் கரையில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மீது 150 மீட்டர் குறுக்களவில் அது நிற்கிறது. அருகிலேயே புரோமனாட் என்ற சுரங்க ரயில் நிலையம் உள்ளது. இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும்.

தொலைவிலிருந்து பார்க்கையில், இவ்வளவு பெரிய வளையத்தை இத்தனை மெல்லிய கம்பிகளா தாங்குகின்றன என்று அச்சம் தோன்றும். மிதிவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொண்டால் அச்சம் நீங்கும். மிதிவண்டியின் கம்பி ஒன்றைத் தனியே எடுத்தால் விரலால் வளைத்துவிடலாம். எல்லாக் கம்பிகளும் நடு அச்சை நோக்கி இழுத்துப் பிடிக்கும்போது ஒரு மூட்டை நெல்லையும் ஆளையும் அச்சக்கரம் சுமக்கிறது. இங்கும் அதே முறைதான்; கம்பிக்குப் பதில் முறுக்கிய எஃகு வடங்கள்.

நம் ஊர் ராட்டினத்தில் தொட்டிகள் தொங்குவதால் அவை தாமாகவே நேராக நிற்கும். இங்கே கண்ணாடி அறைகள் வளையத்தின் வெளிவிளிம்பில் பொருத்தப்பட்டிருக்கின்றன. பார்வைக்கு எதுவும் குறுக்கே வராதிருக்கவே இந்த ஏற்பாடு. ஓர் அறையில் 28 பேர் ஏறலாம், அறைகளும் 28. ஒரே நேரத்தில் 784 பேர் வானில் உலவலாம் என்பது கணக்கு. எட்டு என்ற எண் செல்வப் பெருக்கைக் குறிப்பது என்று சீனர்கள் கருதுவதால் இந்த எண் அவர்களுக்கு உவப்பானது.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. திறந்த சில மாதங்களில் இச்சக்கரத்தின் சுழற்சியைத் திசை மாற்றினார்கள். அது சுற்றும் திசை நகரத்தின் செல்வத்தை வெளியே கொண்டுபோகிறது என்று சீன மனையடி சாத்திரம் வல்லவர்கள் சொன்னதே காரணம். அவ்வளவு பெரிய இயந்திரத்தைச் செய்து முடித்த பின்னும், செல்வம் எந்தப் பக்கம் போகிறது என்ற கவலை மனிதனை விடுவதில்லை! திசை மாறிய பின்னும் 2013இல் அந்நிறுவனம் கடனில் மூழ்கி, மறு ஆண்டு வேறு கைக்கு மாறியது.

சக்கரம் ஒரு முறை சுற்றி வர அரைமணி நேரம் ஆகிறது. விளிம்பின் சுற்றளவு ஏறக்குறைய 470 மீட்டர் என்பதால், நொடிக்குக் கால் மீட்டர் வேகமே உண்டு. ஆகவே அது ஆள் ஏற்றுவதற்கு நிற்பதில்லை. நகரும் அறைக்குள் நாம் நடந்து நுழைந்துவிடலாம். குலுக்கலோ தலைசுற்றலோ இல்லை. வயதானவர்களும் தயக்கமின்றி ஏறலாம்.

கட்டணம் பெரியவர்களுக்கு நாற்பது வெள்ளி அளவில் இருந்தது. சிங்கப்பூர்த் தமிழர் டாலரை வெள்ளி என்றே சொல்கிறார்கள். நம் பணத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். நான் பணப்பையை எடுப்பதற்குள், "நேற்றே கைப்பேசியில் சீட்டு எடுத்துவிட்டேன், மாமா" என்றான் மருமகன். மூன்று சீட்டுக்கு எத்தனை நாள் கூலி போயிருக்கும் என்று என் மனம் கணக்கிட்டது, வாய்விட்டுக் கேட்கவில்லை. என் மனைவி மட்டும், "இத்தனை வருஷத்தில் நீ இதில் ஏறியதே இல்லையா?" என்று வினவினாள்.

"யாரோடு ஏற, அத்தை?" என்றான் அவன்.

மேலேறும் வேளை

மாலை ஆறரை மணிக்கு மேல் நாங்கள் ஏறினோம். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கே சூரியன் மறைகிறது. இந்த நேரத்தில் ஏறுவோர் பகலின் நகரத்தையும் விளக்கேற்றிய நகரத்தையும் ஒரே சீட்டில் கண்டுவிடலாம்.

முதலில் கண்ணில் பட்டது காலடியில் கிடந்த கரிய தார்ச்சாலை. 2008 முதல் இரவில் கார்ப் பந்தயம் நடைபெறும் சாலை அது. அதன்பின் விரிகுடாவின் நீர்ப்பரப்பு விரிந்தது. எதிர்க்கரையில் மூன்று கோபுரங்களின் தலைமேல் ஒரு கப்பலைத் தூக்கி வைத்தாற்போன்ற மரினா பே சேண்ட்ஸ் விடுதி, 2010இல் திறக்கப்பட்டது. அதற்கப்பால் கண்ணாடிக் கூடாரங்களும் செயற்கை மரங்களும் கொண்ட பூங்கா. இந்தப் பக்கம், எஸ்பிளனேட் கலையரங்கம். அதன் கூரை பலாவைப் போல் முள் நிறைந்த டுரியான் பழத்தை ஒத்திருப்பதால் மக்கள் அப்பழத்தின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

நாம் கால் வைத்து ஏறிய தரையே ஒரு காலத்தில் கடல் என்பதை அறியும்போது வியப்பு மேலிடுகிறது. நகரின் நடுவே இன்று ஓடும் 'பீச் ரோடு' உண்மையாகவே கடற்கரைச் சாலையாக இருந்ததாம். கடலில் மண்ணைக் கொட்டித் தூர்த்து நாட்டை வளர்த்திருக்கிறார்கள். 1965இல் தனி நாடானபோது ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டராக இருந்த நிலப்பரப்பு, இன்று 730 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

வானம் பார்த்த சீமையில் பிறந்த நமக்கு இன்னொன்று அதனினும் வியப்பு. கீழே தெரிந்த நீர்ப்பரப்பு இப்போது கடல்நீர் அன்று, குடிநீர்த் தேக்கம்! 2008இல் கடல்முகத்தில் ஓர் அணை கட்டி, ஒன்பது மதகுகள் வைத்து, உப்பு நீரை வெளியே நிறுத்திவிட்டார்கள். மழை மிகும்போது மதகைத் திறந்து கடலில் விடுகிறார்கள். அலையேற்றத்தால் கடல் உயர்ந்திருந்தால் பெரும் இயந்திரங்களைக் கொண்டு இறைத்து ஊற்றுகிறார்கள். நம் முன்னோர் கண்மாய்க்கு மடையும் கலுங்கும் வைத்த அதே அறிவுதான். தண்ணீருக்கு அண்டை நாட்டை எதிர்பார்த்து நின்ற சிறிய நாடு, விழும் மழையை வீணாக்காமல் பிடிக்கிறது. ஊருணிகளைத் தூர்ந்துபோக விட்ட நாம் இதைப் பார்த்து வர வேண்டும்.

என் கண் இவற்றில் உலவிக்கொண்டிருக்க, மருமகனின் கண் வேறிடத்தில் இருந்தது. "மாமா, அந்த நீலக் கண்ணாடிக் கட்டடம் தெரிகிறதா? அதில் முப்பதாம் மாடி வரை நான் சாரம் கட்டினேன். பக்கத்தில் பாரந்தூக்கி நிற்கிறதே, அங்கேதான் இப்போது வேலை" என்றான். எந்தக் கட்டடத்தில் எத்தனை மாதம், எந்த மாடியில் காற்று எப்படி அடிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நாங்கள் கண்ணாடிக்குள், குளிரூட்டிய அறையில் நின்றுகொண்டு எட்டிப் பார்த்த உயரத்தில், அவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறான். "பயமாக இராதா?" என்று என் மனைவி கேட்டாள். "முதல் ஆறு மாதம் இருக்கும், அத்தை. அப்புறம் ஊரில் இருக்கிற கடன்தான் நினைவில் நிற்கும், உயரம் மறந்துபோகும்" என்று சிரித்தான்.

அவன் வெளிநாடு செல்ல முகவர் ஒருவருக்குக் கட்டிய தொகைக்காக அக்காளின் நகைகள் அடகுக் கடைக்குப் போனதை நான் அறிவேன். அவை திரும்பி வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. நம் ஊர்களில் இது எத்தனை வீட்டுக் கதை!

உச்சியில் கண்டது

சக்கரம் உச்சியை அடைந்தபோது நகரமே பொம்மைக் கொலுவாயிற்று. தெற்கே கடலில் கப்பல்கள் எண்ணற்று நங்கூரமிட்டு நின்றன. அவற்றுக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்தவை இந்தோனேசியத் தீவுகள். கலையரங்கத்துக்குப் பின்னால் பச்சைப் பசேலென்ற திடல் ஒன்று. அதுதான் பாடாங். 1943ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பை ஏற்று, 'டில்லி சலோ' என்று முழங்கிய திடல் அது. அந்தப் படையில் திரண்டவர்களில் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம்.

அதற்கும் அப்பால், சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில், வங்கிகளின் மாளிகைகள் ஒன்றையொன்று விஞ்சி நின்றன. அக்கட்டடங்களுக்கு நடுவே மார்க்கெட் ஸ்திரீட் என்றொரு தெரு உண்டு. நம் செட்டிநாட்டார் கிட்டங்கிகள் இருந்த தெரு. நீண்ட கூடம், அதில் ஆளுக்கு ஒரு பாயும் கைப்பெட்டியும், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து அவர்கள் வட்டித் தொழில் நடத்தினார்கள். பெரிய வங்கிகள் ஏறெடுத்தும் பாராத சிறு கடைக்காரர்கள் பலருக்கு முதல் கொடுத்தவர்கள் அவர்களே. 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்களும் அவர்களே. கோயில் இருக்கிறது, அந்தப் பழைய கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்தன.

முதலாளியின் முகவராகச் சென்ற செட்டிப்பிள்ளைகளுக்கு வழக்கமான தவணை மூன்று ஆண்டு. மனைவியையும் மக்களையும் ஊரில் விட்டுச் செல்வார்கள். தந்தை முகம் அறியாமலே பிள்ளை நடை பழகிவிடும். பகலில் கணக்கு எழுதிய பாயிலேயே இரவில் படுத்துறங்கியவர்கள் அனுப்பிய பணத்தில்தான், ஊரில் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரு தெருவையே அடைத்து நிற்கும் வீடுகள் எழுந்தன.

இந்த எண்ணத்தில் நான் நின்றிருக்கையில், மருமகன் கைப்பேசியில் தன் தாயை அழைத்துவிட்டான். இங்கே ஏழு மணி, புதுவயலில் நாலரை. திரையில் அக்காள் திண்ணையில் அமர்ந்திருப்பது தெரிந்தது. கைப்பேசியை நாற்புறமும் திருப்பி, கடலையும் கப்பலையும் கோபுரங்களையும் காட்டினான். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு, "சரியப்பா, எல்லாம் நன்றாக இருக்கிறது. நீ இருக்கிற வீட்டைக் காட்டு" என்றாள்.

"அது இங்கேயிருந்து தெரியாது, அம்மா" என்றான்.

"அவ்வளவு உயரத்திலிருந்துமா தெரியாது?"

அவன் மறுமொழி சொல்லவில்லை. "மாமா பேசுகிறார்" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டான்.

இறங்கும் வேளை

இறங்கும் பாதியில் விளக்குகள் எரியத் தொடங்கின. நீரில் அவற்றின் நிழல் நெளிந்தது. அறையிலிருந்த மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தகைய சக்கரம் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற ஐயம் சிலருக்கு எழலாம். அப்படியும் ஒரு முறை நிகழ்ந்திருக்கிறது. 2008 டிசம்பர் 23ஆம் நாள், கட்டுப்பாட்டு அறையில் தீப்பற்றியதால் சக்கரம் நின்று, 173 பேர் ஏறக்குறைய ஆறு மணி நேரம் மேலேயே இருக்க நேர்ந்தது. சிலரைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அதன்பின் ஒரு மாதத்திற்கு மேல் மூடி வைத்து, பாதுகாப்பைப் பலப்படுத்திய பிறகே மீண்டும் இயக்கினார்கள்.

கீழே இறங்கியதும் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் அமர்ந்து அதிரசத்தைப் பிரித்தோம். அப்போதுதான் அவன் வாய் திறந்தான். தங்குமிடம் நகருக்கு வெளியே, தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், இரண்டடுக்குக் கட்டில். விடியுமுன் எழுந்து, லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வேலைக்குப் போக வேண்டும். இரவு திரும்பி, குளித்து, சாப்பிட்டுப் படுக்கப் பத்து மணி ஆகிவிடும். 2020இல் கொரோனா பரவியபோது அத்தகைய விடுதிகளில்தான் நோய் மிகுதியாகப் பரவியது. தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே வர இயலாமல் அடைபட்டுக் கிடந்தார்கள். "அப்போது வீட்டில் என்ன சொன்னாய்?" என்றேன். "வேலைக்கு விடுமுறை, நன்றாக ஓய்வெடுக்கிறேன் என்று சொன்னேன், மாமா."

அவன் குறை சொல்லவில்லை. அந்த நாட்டின் ஒழுங்கைப் புகழ்ந்தே பேசினான். கூலி தவறாமல் வருகிறது. நோய் வந்தால் மருத்துவம் உண்டு. தெருவில் அச்சமின்றி நடக்கலாம். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள் அவனுக்குரியது. அன்று காலை ஓஃபிர் ரோட்டில் உள்ள தூய லூர்து அன்னை ஆலயத்தில் அவனோடுதான் தமிழ்த் திருப்பலி கண்டோம். இந்தியக் கத்தோலிக்கருக்காகவே 1888இல் கட்டி முடிக்கப்பட்ட கோயில் அது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கப்பலில் வந்தவர்களும் விமானத்தில் வந்தவர்களும் அங்கே ஒரே மொழியில் மன்றாடியிருக்கிறார்கள். பூசை முடிந்து வாசலில் நின்றபோது, சருகணியும் ஓரியூரும் தேவகோட்டையும் இளையான்குடியும் தத்தம் பேச்சு வழக்கோடு அங்கே கூடியிருந்தன. அவன் வாய்விட்டுச் சிரித்ததை நான் அங்கேதான் கண்டேன். நூறு அடி உயரக் கோபுரமும் ஆயிரம் விளக்கும் தராத ஒன்றை, அடையாளம் தெரிந்த நாலு முகங்கள் அவனுக்குத் தந்துவிடுகின்றன.

பூட்டிய வீடுகள்

சிங்கப்பூர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு சொல். அந்தச் சக்கரத்தில் அவசியம் ஏறிப் பாருங்கள். சூரியன் மறைவதற்கு அரைமணி நேரம் முன்பு ஏறுங்கள்; மழை மேகம் திரண்டிருந்தால் மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள்; சீட்டை முன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே உங்கள் உறவிலோ பங்கிலோ ஒரு பிள்ளை வேலை பார்த்தால், அவனை விட்டுவிட்டு ஏறாதீர்கள். அவனுடைய ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டுப் பெற்று, உடன் அழைத்துச் செல்லுங்கள். அவன் செலவு செய்ய முன்வருவான், விடாதீர்கள். ஊர்ப் பலகாரம் ஒரு டப்பா இருக்கட்டும். நகரைப் பற்றி எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லாததை அவன் சொல்வான். அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

ஊரில் இருப்போருக்கும் ஒரு சொல் உண்டு. உயரத்திலிருந்து எடுத்து அனுப்பிய படத்தைக் கண்டு, பிள்ளை செழிப்பாக இருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். தங்கச்சியின் கலியாணத்துக்கு இத்தனை பவுன், தம்பிக்கு மோட்டார் சைக்கிள், வீட்டுக்கு இன்னொரு மாடி என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவன் இன்னோர் ஈராண்டு சாரத்தின்மேல் நிற்க வேண்டும் என்பதை எண்ணுகிறோமா? பட்டியல் முடியும் நாளில் தலை நரைத்திருக்கும்.

எங்கள் புதுவயலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், கடல் கடந்து ஈட்டிய பொருளால் எழுந்த மாளிகைகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. கலியாணத்துக்கும் படைப்புக்கும் திறப்பார்கள்; மற்ற நாளில் ஒரு காவல்காரர் மட்டும் இருப்பார். கட்டியவர்கள் அந்தக் கூடத்தில் எத்தனை நாள் படுத்துறங்கினார்கள் என்று கணக்குப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். அவர்கள் காலத்துத் தவணையாவது மூன்று ஆண்டு. முடிந்ததும் ஊர் திரும்பி ஓய்வெடுத்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தவணையையும் நாம்தான் குறித்துக் கொடுக்க வேண்டும்.

ஊர் திரும்பிய மறுநாள், அக்காள் வீட்டுக்குச் சென்றேன். மாடி எடுப்பதற்காக வாசலில் செங்கல் அடுக்கியிருந்தது. கொத்தனாருக்கு முன்பணமும் பேசியாகிவிட்டது. "எப்படி இருக்கிறான்?" என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன், கட்டிலையும் லாரியையும் பன்னிரண்டு பேரையும் சொன்னேன். அவள் அழவில்லை. நெடுநேரம் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, "இந்தக் கூரைக்குக் கீழே இடம் இல்லாமலா போயிற்று?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலையே கொத்தனாருக்கு ஆள் அனுப்பி, மாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்தச் செங்கல் பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுக்குப் போயிற்று. அடுத்த ஒப்பந்தம் முடிந்ததும் பிள்ளை ஊருக்கு வந்துவிடுவது என்று பேசியிருக்கிறார்கள். காரைக்குடியில் சாரக் கம்புகளும் இரும்புக் குழாய்களும் வாடகைக்கு விடும் கடை ஒன்று வைக்கலாம் என்பது அவன் எண்ணம். அதற்கு முதலாக, மாடிக்கென்று சேர்த்த பணத்தை அக்காள் தபால் நிலையத்தில் அவன் பெயரிலேயே போட்டு வைத்திருக்கிறாள்.